ஒரு வரிக்கு ஏழு வாசல்

சோம்பேறிகளை யாரும் பாராட்டுவதில்லை. இது அநியாயம். லிஃப்ட், ரிமோட், பிரஷர் குக்கர் எல்லாம் சுறுசுறுப்பான ஆசாமிகள் கேட்டு வந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய லாரி வால், நல்ல புரோகிராமருக்கு வேண்டிய மூன்று குணங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்: சோம்பல், பொறுமையின்மை, திமிர். மூன்றுமே எந்த ஆபீஸிலும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அவர் சொன்ன சோம்பல் வேறு ரகம். ஒரே வேலையை மூன்றாவது தடவை செய்யச் சொன்னால், அதைச் செய்யாமல் உட்கார்ந்து, அதைச் செய்வதற்கு ஒரு புரோகிராம் எழுதுகிற சோம்பல்.

இந்த வாரம் அப்படி ஒரு சோம்பலைப் பற்றி. டேட்டாபேஸைக் காட்டினால் போதும். அதற்கு இணையத்திலிருந்து போய்வர வேண்டிய வழிகள் எல்லாம் தானாக முளைத்துவிடும். 'ஆட்டோமேடிக் ஏபிஐ' என்று பையன்கள் பயோடேட்டாவில் போட்டுக்கொள்கிறார்கள். இன்டர்வியூவில் "அதற்குள் என்னப்பா நடக்கிறது?" என்று யாராவது கேட்டால் விழிக்காமல் இருக்க இந்தப் பக்கம் உதவும். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டுகிறவர்களும் சற்று இருங்கள். விஷயம் உங்கள் லீவு லெட்டரைப் பற்றியது.

* * *

ஒரு ஆபீஸை வைத்துக்கொள்வோம். அங்கே லீவு லெட்டரெல்லாம் கம்ப்யூட்டரில். டேட்டாபேஸில் 'லீவு' என்று ஒரு டேபிள். டேபிள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கட்டம் போட்ட பெரிய ரிஜிஸ்தர். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். அப்புறம் பெயர், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, காரணம், கடைசியாக 'அனுமதி' என்று ஒரு கட்டம். காரணத்தில் பெரும்பாலும் பாட்டி காலமாகியிருப்பார். சிலருக்கு வருஷத்துக்கு மூன்று பாட்டிகள். அனுமதிக் கட்டத்தில் பிறக்கும்போது 'இல்லை' என்று இருக்கும். மேனேஜர் மனசு வைத்தால் 'ஆம்' ஆகும்.

இந்த ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும்? புதிதாக ஒரு வரி எழுதலாம். இருப்பதைப் படிக்கலாம். திருத்தலாம். அடித்துவிடலாம். அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒன்று யோசித்துப் பாருங்கள், வராது. இந்த நான்கின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'க்ரட்' என்பார்கள். ஜேம்ஸ் மார்ட்டின் என்பவர் 1983ல் எழுதிய டேட்டாபேஸ் புத்தகம் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது. ஆங்கில அகராதியில் க்ரட் என்றால் அப்பிக்கொண்ட அழுக்கு என்றும் அர்த்தம். நாள் பூராவும் அதையே எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராமர்கள் இரண்டு அர்த்தத்தையும் ஒப்புக்கொள்வார்கள்.

இனி இணையம். பிரவுசர் சர்வரோடு பேசும் பாஷையில் இலக்கணம் ரொம்ப எளிது. முகவரி என்பது பெயர்ச்சொல். அதற்கு முன்னால் ஒரு வினைச்சொல். 'கெட்' என்றால் கொடு. 'போஸ்ட்' என்றால் புதிதாக வைத்துக்கொள். 'பேட்ச்' என்றால் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடு, அதாவது திருத்து. 'டிலீட்' எல்லோருக்கும் தெரியும். இவற்றை நம் லீவு டேபிளோடு சேர்த்தால்:

கெட் /லீவு: எல்லா லீவு லெட்டரும்.
கெட் /லீவு/417: அந்த ஒன்று மட்டும்.
போஸ்ட் /லீவு: புது லெட்டர்.
பேட்ச் /லீவு/417: திருத்தம்.
டிலீட் /லீவு/417: அம்போ.

இந்த ஐந்துக்கும் 'ரூட்' என்று பெயர். வழி என்று சொல்லலாம். எனக்கு வாசல் என்று சொல்லத் தோன்றுகிறது. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும். பெயர்ச்சொல்லுக்கு முகவரி, செயலுக்கு ஏற்கெனவே இருக்கும் நாலைந்து வினைச்சொற்கள் என்கிற இந்தப் பாணிக்கு மூலம் ராய் ஃபீல்டிங் 2000ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் கிளையில் கொடுத்த டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அதில் 'ரெஸ்ட்' என்று பெயர் வைத்தார். பெயர் பிடித்துப்போய் எல்லோரும் தாங்கள் செய்வதையெல்லாம் ரெஸ்ட் என்று சொல்ல ஆரம்பிக்க, 2008ல் மனிதர் பொறுக்க முடியாமல், நான் சொன்னது இதில்லை என்று எழுதவேண்டி வந்தது. பெயர் வைத்த அப்பாவுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை.

* * *

கணக்குப் போடுங்கள். சுமாரான ஒரு ஆபீஸ் சாஃப்ட்வேரில் 40 டேபிள் இருக்கும். ஆளுக்கு ஐந்து வாசல் என்றால் 200. ஒவ்வொன்றுக்கும் பத்து இருபது வரி புரோகிராம். எல்லாம் ஒரே அச்சு. டேபிள் பெயரும் கட்டங்களின் பெயரும்தான் மாறும். 'லீவு' இருந்த இடத்தில் 'லோன்', 'லோன்' இருந்த இடத்தில் 'சம்பளம்'. காப்பி அடித்து ஒட்டுகிறபோது ஓரிடத்தில் மாற்ற மறந்தால், லோன் கேட்டவருக்கு லீவு கிடைக்கும்.

என் அண்ணன் மகன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் வந்தவன் வெற்றிப் புன்னகையோடு சொன்னான்:

"சித்தப்பா, காலைல ஒம்பது மணிக்கு உக்காந்தேன். காபி வர்றதுக்குள்ள நாப்பது டேபிளுக்கும் ஏபிஐ ரெடி."

"எத்தனை வரிடா எழுதினே?"

"டேபிளுக்கு ஒரு வரி. மீதிய அதுவே பாத்துக்குது."

"எதுவே?"

இந்தக் கேள்விக்கு அவன் காபி குடிக்கப் போய்விட்டான். அதனால் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

* * *

டேபிளில் என்னென்ன கட்டம் இருக்கிறது என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? இதில்தான் ஒரு அழகான ஐடியா இருக்கிறது. இன்றைய டேட்டாபேஸ்களின் பிதாமகர் எட்கர் காட், 1970ல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எழுதிய ஒரு கட்டுரையில், தகவல்களை எல்லாம் வெறும் டேபிள்களாக வைத்துக்கொண்டால் போதும் என்று சொன்னார். 1985ல், எல்லாக் கம்பெனிகளும் 'எங்களுடையதும் காட் முறைதான்' என்று பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கியபோது, அசல் எது என்று காட்ட பன்னிரண்டு விதிகள் போட்டார். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று. கம்ப்யூட்டர்காரர் அல்லவா, பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

அதில் நாலாவது விதி: டேட்டாபேஸில் என்னென்ன டேபிள், எந்த டேபிளில் என்னென்ன கட்டம் என்ற விவரமும் டேபிளாகவே உள்ளே இருக்கவேண்டும். சாதாரணத் தகவலைக் கேட்கிற அதே பாஷையில் அதையும் கேட்க முடியவேண்டும். அதாவது, ரிஜிஸ்தர்களைப் பற்றிய ரிஜிஸ்தர். கம்ப்யூட்டரிடம் "லீவு டேபிளில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பாட்டிகளைச் சொல்லும். "லீவு டேபிள் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் கட்டங்களின் பெயர், எது எண், எது தேதி, எது காலியாக இருக்கலாம், எது வேறு எந்த டேபிளைச் சுட்டுகிறது என்று பட்டியல் கொடுக்கும்.

பட்டியல் வந்துவிட்டால் மீதி எல்லாம் வெறும் லூப். ஒவ்வொரு டேபிளுக்கும் ஐந்து வாசல் வை. தேதிக் கட்டத்தில் 'தொண்ணூறாவது மார்ச்' என்று எழுதினால் திருப்பி அனுப்பு. காலியாக இருக்கக்கூடாத கட்டம் காலியாக வந்தால் திட்டு. டேபிள் சுட்டும் இடத்தில் அப்படி ஓர் ஊழியர் இல்லையென்றால் மறு. இவ்வளவும் ஒரு மனிதன் கை வைக்காமல்.

இரண்டு சம்பிரதாயங்கள் இருக்கின்றன. ஒன்று, டேட்டாபேஸின் உள்ளே போய்ப் பட்டியலைப் படிப்பது. இன்னொன்று, புரோகிராமிலேயே 'லீவு என்பது இப்படி இருக்கும்' என்று ஒரு வர்ணனை எழுதிவைப்பது. அதற்கு 'மாடல்' என்று பெயர். அந்த ஒரே வர்ணனையிலிருந்து டேபிளும் பிறக்கும், வாசலும் பிறக்கும்.

இந்தச் சோம்பலில் புகழ்பெற்றது ரூபி ஆன் ரயில்ஸ். டென்மார்க்காரர் டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004ல் வெளியிட்டது. 2005ல் ஒரு வீடியோ போட்டார்: பதினைந்து நிமிஷத்தில் ஒரு வலைப்பதிவு. உலகம் பூராவும் புரோகிராமர்கள் வாய் பிளந்தார்கள், மேனேஜர்கள் கெடுவைக் குறைத்தார்கள். ரயில்ஸில் 'ரிசோர்சஸ்' என்று ஒரு வரி எழுதினால் ஏழு வழிகள் கிடைக்கும். நாம் பார்த்த ஐந்து, அப்புறம் புதிதாக எழுத ஒரு ஃபாரம், திருத்த ஒரு ஃபாரம்.

ஜாங்கோவின் பிறப்பு இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு நாளிதழ். அதன் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்ட ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003ல் தொடங்கியது. பத்திரிகை ஆபீஸ் என்றால் தெரியுமே, 'இன்று சாயங்காலத்துக்குள்' என்பதுதான் அதிகபட்ச அவகாசம். அதனால் மாடலை எழுதினால், நிருபர்கள் செய்தியைப் போட நிர்வாகப் பக்கம் தானாக வரும்படி செய்தார்கள். 2005ல் உலகத்துக்குக் கொடுத்தார்கள். ஜாங்கோ என்பது ஒரு கிதார் வித்வானின் பெயர்: ஜாங்கோ ரைன்ஹார்ட். பின்னால் அதன் மேல் கட்டிய 'ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்'கில், மாடலைச் சொல்லி ஒரு ரூட்டரில் பதிந்துவிட்டால் வாசல்கள் தயார்.

முதல் ரகத்துக்கு உதாரணம் போஸ்ட்கிரெஸ்ட். போஸ்ட்கிரெஸ் என்பது டேட்டாபேஸ், கடைசியில் 'ட்' சேர்த்தால் அதற்கு வாசல் வைக்கும் புரோகிராம். புரோகிராமே எழுதவேண்டாம். டேட்டாபேஸை நோக்கித் திருப்பிவிட்டால் உள்ளே இருக்கும் ரிஜிஸ்தர்களின் ரிஜிஸ்தரைப் படித்து நேரே ஏபிஐ கொடுக்கும். 2020ல் வந்த சூப்பாபேஸ் என்ற சேவைக்குள்ளேயும் ஓடுவது இதுதான்.

* * *

நாற்பது வயது தாண்டிய வாசகர்கள் இப்போது ஒரு கேலிச் சிரிப்பு சிரிக்கலாம். டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ ஞாபகம் இருக்கிறதா? 'யூஸ்' என்று அடித்து டேபிள் பெயர் கொடுத்து, அடுத்த வரியில் 'பிரவுஸ்' என்று அடித்தால் ஸ்கிரீன் பூராவும் டேபிள் விரியும். படிக்கலாம், திருத்தலாம், அடிக்கலாம். ஒரு வரி புரோகிராம் கிடையாது. க்ரட் என்பதெல்லாம் அப்போதே வந்தாச்சு.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் ஓர் ஏசி அறைக்குள் இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். சாவி ஒரே ஒருவர் இடுப்பில். பிரவுஸ் என்ற கட்டளை யாரையும் 'நீ யார்?' என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமில்லை, கதவு கேட்டது.

இப்போது அதே பிரவுஸைக் கொண்டுபோய் நடுத்தெருவில் வைத்திருக்கிறோம். கதவு இல்லை. செருப்பு வைக்க இடமும் இல்லை. நான் ரூட் என்பதை வாசல் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

* * *

தெருவில் வைத்தால் மூன்று தினுசில் தொல்லை வரும்.

முதல் தினுசு: எண்ணை மாற்றிப் பார்ப்பது. உங்கள் லீவு லெட்டர் 417. சும்மா இருக்கிற கை, 418 என்று அடித்துப் பார்க்கும். தானாக முளைத்த வாசலுக்கு 418 இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். அது உங்களுடையதா என்று தெரியாது. பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியில் சம்பளச் சீட்டையே இப்படி வைத்திருந்தார்கள். அண்ணன் மகனின் நண்பன் அங்கே வேலை. ஒரு எண் தள்ளிப் பார்த்ததில், தனக்குப் பின்னால் சேர்ந்து, தான் வேலை கற்றுக்கொடுத்த பையனின் சம்பளம் தன்னுடையதைவிட அதிகம் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று, மூன்றாம் மாதம் கம்பெனிக்கு ஆள் போயிற்று. இத்தனைக்கும் அவன் பாஸ்வேர்டு போட்டு முறையாக உள்ளே வந்தவன்தான். உள்ளே வந்தவனை எந்த மேஜை வரை விடலாம் என்பது தனிக் கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை.

இது சின்னக் கம்பெனி சமாசாரம் என்று நினைக்கவேண்டாம். 2019 மே மாதம், அமெரிக்காவில் வீடு மனைப் பத்திரங்களைக் கையாளும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய கம்பெனியின் வெப்சைட்டில், முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பத்திரம் வருகிறது என்று பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் அம்பலப்படுத்தினார். திறந்து கிடந்த ஆவணங்கள் சுமார் 88.5 கோடி. பேங்க் கணக்கு எண், வரி விவரம் எல்லாம் அதில் அடக்கம். அங்கே வாசலைக் கையால் கட்டினார்களா, தானாக முளைத்ததா என்பது முக்கியமில்லை. கேட்க ஆளில்லாத வாசல் எப்படிக் கட்டினாலும் ஒன்றுதான். ஏபிஐ ஆபத்துகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் என்ற அமைப்பு 2019 பட்டியலிலும் 2023 பட்டியலிலும் இதைத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறது.

இரண்டாவது தினுசு: கேட்காமலே கூட ஒரு கட்டத்தை அனுப்புவது. லீவு ஃபாரத்தில் தேதி, காரணம் மட்டும்தான் தெரியும். ஆனால் ஃபாரம் என்பது வெறும் கடிதாசு. அதில் இல்லாததையும் எழுதி அனுப்பலாம். 'காரணம்: பாட்டி. அனுமதி: ஆம்.' டேபிளில் அனுமதி என்ற கட்டம் இருக்கிறது, அதற்கு மதிப்பும் வந்திருக்கிறது, சரியான ரகமாகவும் இருக்கிறது. வாசல் சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும். தன் லீவைத் தானே சாங்ஷன் செய்துகொண்ட முதல் குமாஸ்தா நீங்கள்தான். வாழ்த்துகள்.

இதற்கு ஒரு சரித்திரப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. உலகத்துப் புரோகிராம்கள் எல்லாம் குடியிருக்கும் கிட்ஹப் என்ற இடம் ரயில்ஸில் கட்டியது. ரயில்ஸின் மூலப் புரோகிராமும் அங்கேதான் இருக்கிறது. 2012 மார்ச் மாதம் யெகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர், ரயில்ஸ் இப்படி வருகிற கட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்வது ஆபத்து என்று அதன் ஆட்களிடம் சொல்லிப் பார்த்தார். 'அது ரயில்ஸ் வேலையில்லை, அதை வைத்துக் கட்டுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்' என்று பதில். பையன் கோபித்துக்கொள்ளவில்லை. கிட்ஹப்பில் ஒரு புகாரைப் பதிந்தார். கூடவே, பதிந்த தேதி என்ற கட்டத்தையும் தானே நிரப்பி அனுப்பினார். புகார் ஆயிரத்தோரு வருஷம் கழித்து வந்ததாகப் பதிவாகியது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால் அடுத்த படி. கிட்ஹப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி உண்டு. அந்தச் சாவியைத் திருத்தும் ஃபாரத்தில் 'இது யாருடையது' என்ற கட்டத்தைச் சேர்த்து, ரயில்ஸ் ஆள் ஒருவருடைய எண்ணைப் போட்டார். அவருடைய சாவி ரயில்ஸ்காரர் சாவி ஆகிவிட்டது. மார்ச் 4 அன்று ரயில்ஸின் மூலப் புரோகிராமுக்குள்ளேயே போய் ஒரு ஃபைலை வைத்துவிட்டு வந்தார்.

கிட்ஹப் அவர் கணக்கை முடக்கி, ஓட்டையை அடைத்து, பிறகு திருப்பிக் கொடுத்தது. 2013ல் வந்த ரயில்ஸ் 4ல் விதி மாறியது: எந்தெந்தக் கட்டத்தை வெளியிலிருந்து வாங்கலாம் என்று புரோகிராமர் வாய் திறந்து சொல்லவேண்டும், சொல்லாததை வாங்காது.

மூன்றாவது தினுசு: கேட்டதற்கு மேலே கொடுப்பது. கேன்டீன் டோக்கனில் போட ஊழியர் பெயர் வேண்டும் என்று ஒரு வாசலைத் தட்டுகிறீர்கள். அது பெயரோடு சேர்த்து வீட்டு முகவரி, செல்போன், சம்பளம் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கிறது. ஸ்கிரீனில் பெயர் மட்டும்தான் தெரியும். மீதியெல்லாம் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும். பிரவுசரைக் கொஞ்சம் நோண்டத் தெரிந்தவன் பார்த்துவிடுவான். ஜாங்கோவில் எந்தக் கட்டங்களை வெளியே காட்டலாம் என்று கட்டாயம் எழுதவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு 'ஆல்' என்று எழுதினாலும் ஒப்புக்கொள்ளும். சாயங்காலம் ஆறு மணிக்கு, பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய அவசரத்தில், எல்லோரும் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

* * *

அப்படியானால் தானியங்கி வேண்டாமா? தாராளமாக வேண்டும். 200 வாசலைக் கையால் எழுதுகிறவனும் தப்பு செய்வான். களைத்துப்போய் இன்னும் அதிகமாகச் செய்வான். இயந்திரம் செய்வது ஒரே அச்சில் இருக்கும் என்பதால், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். அண்ணன் மகனிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, எல்லோருக்கும் 'இல்லை' என்று ஆரம்பித்து, பிறகு ஒவ்வொருவருக்காக 'ஆம்' சொல்லவேண்டும். ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் அர்த்தம். அந்த ஒரு வரியை முதல் நாளே மாற்றிவிடவேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 2016ல் வந்த 9.5லிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிப் பூட்டு போடும் வசதி இருக்கிறது. பூட்டை மாட்டிவிட்டு விதி எதுவும் எழுதாவிட்டால், டேபிளின் சொந்தக்காரரைத் தவிர சாதாரணமாக வருகிற யாருக்கும் ஒரு வரிகூடத் தெரியாது. நல்ல பழக்கம். ஆனால் மாட்டவேண்டியது நீங்கள். 2025ல், ஏஐயிடம் வாயால் சொல்லியே கட்டிய வெப்சைட்கள் பலவற்றில் இந்தப் பூட்டு ஒழுங்காக மாட்டப்படவில்லை என்று தெரியவந்தது.

இரண்டு, 417 கேட்டால் '417ஐக் கொடு' என்று தேடக்கூடாது. 'இந்த ஆளுடைய லெட்டர்களில் 417ஐக் கொடு' என்று தேடவேண்டும். அடுத்தவருடையது என்றால் 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வரவேண்டும்.

மூன்று, 'ஆல்' என்று எழுதுகிற கையை மேஜையில் கட்டிவைக்கவேண்டும். கட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுத இரண்டு நிமிஷம்.

நாலு, எல்லா டேபிளுக்கும் ஐந்து வாசலும் வேண்டுமா? சம்பளப் பட்டியலுக்கு டிலீட் எதற்கு? வேண்டாததைச் செங்கல் வைத்து அடைக்கலாம். அதற்கும் ஒரே வரிதான்.

ஐந்து, 'எல்லாம் கொடு' என்றால் எத்தனை என்று ஒரு வரம்பு. டெஸ்ட் செய்யும்போது டேபிளில் எட்டு வரிசை இருக்கும். இரண்டு வருஷம் கழித்து எட்டு லட்சம் இருக்கும். சர்வர் மூச்சு முட்டும்.

ஆறாவதாக ஒன்று. டேபிள் என்பது வீட்டின் சமையலறை மாதிரி, அடிக்கடி இடம் மாறும். 'காரணம்' என்ற கட்டத்தை 'விளக்கம்' என்று பெயர் மாற்றினால் வாசலும் தானாக மாறும், மறுநாள் காலை எல்லோர் செல்போனிலும் லீவு ஆப் விழும். அதனால் போஸ்ட்கிரெஸ்ட்காரர்களே, நிஜ டேபிளை நேரே காட்டாமல், பார்வைக்கென்று தனியாக ஓர் அடுக்கை வைத்து அதைக் காட்டச் சொல்கிறார்கள். விருந்தாளிக்கு ஹால் போதும்.

* * *

"இவ்வளவும் நான் பாக்கணும்னா, தானா வந்து என்ன சித்தப்பா லாபம்? இல்ல, எல்லாமே தானா வந்துட்டா எனக்கு என்ன வேலை?" என்றான் அண்ணன் மகன். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்.

லீவு என்பது வெறும் நாலு வினைச்சொல் இல்லை. விண்ணப்பிக்கிறோம், சிபாரிசு பிடிக்கிறோம், அனுமதி, மறுப்பு, பாதியில் திரும்பக் கூப்பிடுவது, சம்பளப் பிடித்தம். அனுமதி கொடுத்தபின் தேதியைத் திருத்தலாமா? மேனேஜரின் லீவை யார் அனுமதிப்பது? மேனேஜர் லீவில் இருந்தால்? ஒருவர் கணக்கில் பத்து நாள் குறைந்து இன்னொரு கணக்கில் ஏறவேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கவேண்டும், இல்லை இரண்டும் நடக்கக்கூடாது. இவை எதுவும் டேபிளின் கட்டங்களில் எழுதியிருக்காது. ரிஜிஸ்தர்களின் ரிஜிஸ்தரில் தேடினாலும் கிடைக்காது. இருபது வருஷம் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் உட்கார்ந்த ஒரு ஹெட் கிளார்க் தலைக்குள் இருக்கிறது. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் வேலை. காபி வருவதற்குள் 40 டேபிள் முடிந்தது என்றால், மிச்சமான நேரம் அதற்குத்தான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து போன் செய்தான். 40ல் 31 டேபிளுக்கு டிலீட்டை அடைத்துவிட்டானாம். மீதி ஒன்பதுக்கு யாரைக் கேட்பது என்று கேட்டான். இந்தக் கேள்வி கேட்கிறவனுக்கு இன்க்ரிமென்ட் கொடுக்கலாம்.

* * *

கொசுறு: ரயில்ஸில் மாடலின் பெயர் ஒருமையில் இருக்கும், டேபிளின் பெயரும் வாசலின் பெயரும் பன்மையில். 'பர்சன்' என்று மாடல் எழுதினால் டேபிளுக்குத் தானாக 'பீப்பிள்' என்று பெயர் வரும். அதற்கென்றே உள்ளே ஒரு குட்டி ஆங்கில இலக்கணம் வைத்திருக்கிறார்கள். எருதுக்கு 'ஆக்ஸன்', எலிக்கு 'மைஸ்' எல்லாம் தெரியும். பன்மையே கிடையாது என்று ஒரு பட்டியலும் உண்டு. அதில் பணம், போலீஸ், ஆடு, மீன் இவற்றோடு அரிசியும் இருக்கிறது. தமிழில் யாராவது இதைச் செய்வதாக இருந்தால் இப்போதே எச்சரிக்கை: மரம் மரங்கள் ஆகும், பூ பூக்கள் ஆகும், கல் கற்கள் ஆகும். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி எதற்குப் படிக்கிறோம் என்று கேட்டவர்கள் வரிசையில் வரவும்.